மூன்றும் இடது காதுத் தக்கைகள்

ஆலை மருந்தகங்களுக்கு இந்த வருஷம் புதிதாகப் போகிற நர்சுகளுக்கு இதை எழுதுகிறேன். நான் வயதாகி ஓய்வு பெற்றவள் அல்ல. தேனியில் ஒரு பருத்தி அரவை ஆலையில் ஐந்து பருவம் வேலை பார்த்தேன். அடுத்த மாதம் மதுரையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உங்களில் ஒருவர் என் நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். மற்றவர்கள் இதே மாதிரி ஆலைகளில் இதே மாதிரி நாற்காலிகளில் உட்காருவீர்கள்.

வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவதும் கண்ணில் விழுந்த தூசியை எடுப்பதும் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அதை நான் திரும்பச் சொல்லவில்லை. காதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் பெரிய தப்பு அதில்தான் நடந்தது. அந்தத் தப்பால் ஒரு பெண்ணின் வேலை போக இருந்தது.

அரவைக் கூடத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீளமான தகரக் கொட்டகை, அதற்குள் இரண்டு வரிசை ஜின் மிஷின்கள். ஒவ்வொரு மிஷினுக்கும் பின்னால் ஒரு பெண் நின்று, விதையோடு இருக்கிற பருத்தியை அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். மிஷினின் ரோலர் பஞ்சைப் பிடித்து இழுக்க, கத்தி மேலும் கீழும் அடித்து விதையைப் பிரித்துத் தள்ளும். பஞ்சு முன்பக்கம் வந்து விழும். ஒரு கத்தியின் சத்தத்தைத் தாங்கலாம். இருபது கத்திகள் ஒன்றாக அடிக்கும்போது, கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பவரின் வாய் அசைவதுதான் தெரியும். என்ன சொல்கிறார் என்று தெரியாது. பெண்கள் அங்கே கையாலும் புருவத்தாலும் பேசிக்கொள்வார்கள். அவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் சத்தம் போட்டுப் பேசுவதாக அக்கம்பக்கத்தார் கேலி செய்வது உண்டு.

நான் சேர்ந்த முதல் பருவத்திலேயே எல்லோருடைய காதையும் சோதித்தேன். பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு பாக்கெட் கடிகாரம், ஓர் அங்குல நாடா, கண்ணை மூடிக்கொண்டு உட்கார ஒரு ஸ்டூல். கடிகாரத்தின் டிக்டிக் எத்தனை அங்குலத்தில் கேட்கிறது என்று இடது, வலது தனித்தனியாக எழுதிக்கொண்டேன். இதைத் திங்கட்கிழமை காலையில், எஞ்சின் கிளம்புவதற்கு முன்னால் செய்யுங்கள். மாலையில் செய்தால் அன்றைய இரைச்சலில் மரத்துப்போன காதை அளந்துவிட்டு, செவிடு என்று எழுதிவிடுவீர்கள். சீழ் வடிகிற காது இருந்தால் அதில் எதையும் அடைக்க வேண்டாம். அந்தப் பெண்ணை வெளியே பருத்தி பொறுக்கும் வேலைக்கு மாற்றச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் நான் சரியாகச் செய்தேன். தப்பு அதற்குப் பிறகுதான்.

காதை எதால் காப்பது என்று ஒரு பட்டியல் போட்டேன். பட்டியல் போடுவது என் பழக்கம். வீட்டில் சந்தைக்குப் போவதற்கே நம்பர் போட்டு எழுதுவேன்.

முதலாவது, வெறும் பஞ்சு. பெண்கள் ஏற்கெனவே அதைத்தான் வைத்திருந்தார்கள். ஆலை முழுவதும் பஞ்சு, ஒரு கிள்ளு எடுத்துக் காதில் வைத்துக்கொள்ள யாரைக் கேட்க வேண்டும்? ஆனால் அதனால் பயன் மிகக் குறைவு. வெறும் பஞ்சின் இடுக்கு வழியாகச் சத்தம் தாராளமாக உள்ளே போகும்.

இரண்டாவது, ரப்பர் தக்கை. யுத்த காலம், பீரங்கிக்காரர்களுக்கு அது போகிறது என்றார்கள். எங்களுக்கு மாதிரிக்கு ஒரு டப்பா வந்தது. எல்லாம் ஒரே அளவு. பாதிப் பேருக்கு வலித்தது, மீதிப் பேருக்கு நிற்கவில்லை.

மூன்றாவது, காதுக்கு மேலே துணி மெத்தை வைத்துத் தலையோடு கட்டுவது. நம் பக்கத்துப் பெண்களின் காதை நினைத்துப் பாருங்கள். தோள்வரை இறங்கிய காதில் தண்டட்டி தொங்குகிறது. அதன்மேல் எதை வைத்துக் கட்டுவது? கழற்றி வைக்கச் சொன்னபோது, "புருசன் இருக்கையில மூளிக் காதோட நிக்கச் சொல்றீகளா?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

நான்காவது, மெழுகுப் பஞ்சு. நல்ல பஞ்சை உருகிய தேன்மெழுகிலும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயிலும் பிசைந்து, அவரவர் காதுக்கு ஏற்ற அளவில் உருட்டுவது. மலைத் தேன்மெழுகு எங்கள் தேவாரம் சந்தையில் கிடைக்கும். காதில் வைத்தால் இடுக்கு இல்லாமல் உட்காரும். மருந்தகத்தில் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, அளந்து, உருட்டி, வைத்துப் பார்த்தேன். கடிகாரத்தைக் காதோரம் கொண்டுபோனபோதுகூடக் கேட்கவில்லை. நான்காவதற்கு நேரே ஒரு சரி போட்டேன்.

யாருடைய தக்கை யாருடையது என்று குழம்பக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு நூல் வைத்து உருட்டினேன். ஆளுக்கு ஒரு நிறம் அல்லது இரண்டு நிறம் சேர்த்து. இடது காதுத் தக்கையில் மட்டும் நூலில் ஒரு முடிச்சு. எல்லாம் நோட்டில் பதிந்தாயிற்று. சுத்தமான வேலை என்று எனக்கே திருப்தியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து மேஸ்திரி ஒரு காகிதத்தில் எதையோ மடித்துக்கொண்டு வந்தார். பிரித்தால் நசுங்கிய மெழுகு, நீல நூல்.

"நர்சம்மா, இது ஒங்க சரக்குதானே? பஞ்சுல கெடந்துச்சு. பம்பாய்க்குப் போற பஞ்சு. பேல் மூட்டைக்குள்ள மெழுகு இருந்தா அங்கன நூக்கிறவுக சும்மா விடுவாகளா? மொத்தமும் திரும்பி வந்துரும்."

நோட்டைப் பார்த்தேன். நீலம், பேச்சியம்மாள். வாசலை ஒட்டிய முதல் மிஷினில் நிற்பவர். அல்லிநகரத்துக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும், எல்லோருக்கும் பேச்சியக்கா. கணவர் பண்ணைப்புரத்தில் தென்னை ஏறி விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். அந்த வீட்டில் வேலைக்குப் போகிற கை பேச்சியக்காவின் கை ஒன்றுதான். ஆலையில் அவ்வளவு வேகமான கை வேறு கிடையாது. பதினோரு பருவமாக அதே மிஷின். காதும் அதற்கேற்பத் தேய்ந்திருந்தது. நல்ல காதுக்கு முப்பது அங்குலத்தில் கேட்கும் டிக்டிக், முதல் சோதனையில் அவருக்கு வலது பதினான்கு அங்குலம், இடது ஒன்பது.

கூப்பிட்டுச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். புதிதாக உருட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரம் இன்னொரு நீல நூல் பஞ்சில் வந்தது. அதற்கடுத்த புதன்கிழமை மூன்றாவது. இந்த முறை மேஸ்திரி என்னிடம் வரவில்லை, நேரே மேனேஜரிடம் போனார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இது யாரோடதுன்னு உங்க நோட்டுல இருக்குமே?"

இருந்தது. சொன்னேன்.

"மூணு தடவை. வேணும்னு கழட்டிப் போடுறா. சனிக்கிழமையோட அவளை நிறுத்திடலாம். மத்தவங்களுக்கும் பயம் வரும்."

நான் அங்கே எதுவும் சொல்லவில்லை. அதை இப்போது எழுதும்போதும் எனக்கு உறுத்துகிறது. எனக்கும் பேச்சியக்காமேல் கோபம் இருந்தது. அவ்வளவு பொறுப்பாக அளந்து கொடுத்ததைக் கழற்றி எறிகிறாரே என்ற கோபம். மருந்தகத்துக்கு வந்து நோட்டில் அவர் பெயருக்கு நேரே 'கழற்றி எறிகிறார்' என்று எழுதினேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன்.

பேச்சியக்கா வந்தார். மருந்தக வாசலில் நின்று வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். எல்லாப் பெண்களும் அப்படித்தான் வருவார்கள். நான் அதைக் கவனித்ததே இல்லை.

"ஏன் கழட்டுனீங்க பேச்சியக்கா?"

"நான் கழட்டலையே நர்சம்மா."

"அப்ப எப்படிப் பஞ்சுக்குப் போச்சு?"

"விழுந்துருக்கும்."

"காதுல இருந்து ஒன்னு விழுறது உங்களுக்குத் தெரியாதா?"

"எறும்பு போனாத் தெரியும். இது மெழுகுல்ல. கை ரெண்டும் பருத்திக்குள்ள, கண்ணு ரோலர்ல. காது என்ன பண்ணுதுன்னு நான் எங்குட்டுப் பாக்க?"

"இப்படி ஸ்டூல்ல உக்காருங்க. இப்பப் போட்டுப் பாப்போம்."

வைத்தேன். தலையை ஆட்டச் சொன்னேன், குனிந்து நிமிரச் சொன்னேன், கையை வீசச் சொன்னேன். அசையவில்லை. கால் மணி நேரம் உட்கார வைத்தேன். அப்போதும் அசையவில்லை.

"பாருங்க, விழலையே."

பேச்சியக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். "இங்கன விழாது நர்சம்மா," என்றார். "சனிக்கெழம நிப்பாட்டப் போறாகன்னு மேஸ்திரி சொன்னாரு. நெசமா?"

நிஜம் என்றேன். அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. எழுந்து, நூல் காதோடு ஆடிக்கொண்டிருக்க, கூடத்துக்கே திரும்பிப் போனார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மிஷின் காத்திருந்தது.

'இங்கன விழாது' என்ற சொல் என்னை விடவில்லை. அன்று மாலை, மேனேஜர் கொடுத்தனுப்பியதையும் சேர்த்து மூன்று தக்கைகளையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். என்னால் முடிந்தது அதுதான், வரிசையாக வைத்துப் பார்ப்பது. நசுங்கிப்போன மெழுகு, நீல நூல், நூலில் முடிச்சு. அடுத்தது, நீல நூல், முடிச்சு. மூன்றாவதிலும் முடிச்சு.

மூன்றும் இடது.

பிடிக்காமல் கழற்றி எறிகிறவர் இரண்டையும் அல்லவா எறிவார்? ஒரு காதை மட்டும் திறந்துவிட்டு இருபது கத்திகளுக்கு நடுவில் யார் நிற்பார்கள்? இந்தக் கேள்வியை நான் மேனேஜர் முன்னால் நிற்கும்போதே கேட்டிருக்க வேண்டும். முடிச்சுப் போட்டவளே நான். ஆனால் அங்கே நான் நோட்டில் பெயரைத்தான் தேடினேன். பெயர் கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். இதை நீங்கள் செய்யாதீர்கள். யார் என்று தெரிந்த பிறகுதான் எப்படி என்று பார்க்கவே ஆரம்பிக்க வேண்டும்.

வியாழக்கிழமை காலை மருந்தகத்தைப் பூட்டிவிட்டு, என் காதுகளிலும் மெழுகுப் பஞ்சை வைத்துக்கொண்டு அரவைக் கூடத்துக்குப் போனேன். பேச்சியக்காவின் மிஷினுக்குப் பக்கவாட்டில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். அடுத்த மிஷினில் வீராயி என்று ஒரு பெண். என்னைப் பார்த்ததும், 'யாரைப் பிடிக்க வந்திருக்கிறாய்?' என்று புருவத்தால் கேட்டாள். நான் என் காதைக் காட்டினேன். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. பேச்சியக்காவின் கை பருத்திக்குப் போனது, மிஷினுக்குப் போனது, பருத்திக்குப் போனது. பிறகு இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்து, ஒரே கையால் மடித்து இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டார். மெல்ல ஆரம்பித்தார்.

நான் அவருடைய இடது காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாடை அசைந்தது. காதுக்கு முன்னால் இருக்கிற தோலும் அசைந்தது. தக்கை ஓர் எள்ளளவு வெளியே வந்தது. மறுபடியும் தாடை, மறுபடியும் ஓர் எள்ளளவு. முடிச்சுப் போட்ட நூல் கீழே கீழே இறங்கியது. அவர் கை ஒரு நொடிகூட நிற்கவில்லை. வெற்றிலையை மென்று முடிக்கும் முன்னால் தக்கை கழுத்தில் பட்டு, அவர் கையிலிருந்த பருத்திக்குள் விழுந்தது. நான் எட்டி எடுக்காவிட்டால் அது ரோலருக்குப் போயிருக்கும். எடுத்து அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். பேச்சியக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு காதைத் தொட்டுப் பார்த்தார்.

மற்றப் பெண்களைப் பார்த்தேன். வரிசை முழுவதும் தாடைகள் அசைந்துகொண்டிருந்தன. பலருடைய தக்கைகள் பாதி வெளியே நின்றன. அவர்கள் அவ்வப்போது தோளால் இடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். பேச்சியக்காவின் கைக்குத் தோளை உயர்த்தக்கூட நேரமில்லை. அவர் தக்கை மட்டும் விழுந்ததற்குக் காரணம் அவருடைய வேகம்.

மருந்தகத்தில் நான் யாரையும் மென்றுகொண்டிருக்கும்போது சோதிக்கவில்லை. என்மேல் இருந்த மரியாதைக்காக எல்லோரும் வாசலில் துப்பிவிட்டு வந்தார்கள். காலியான வாய்க்கு நான் தக்கை அளந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன். முதல் வரி, தப்பு என்னுடையது. அதைக் கடைசியில் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். கடைசியில் சொன்னால் அதுவரை அவர் பேச்சியக்காமேல் கோபமாகவே கேட்டுக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மேனேஜர் கேட்டார். அவரும் வெற்றிலை போடுகிறவர். மேஜைமேல் பெட்டி திறந்திருந்தது.

"அப்ப வெத்தலையை நிறுத்தச் சொல்லுங்க. முடிஞ்சுது."

"நிறுத்த மாட்டாங்க சார். பருத்தித் தூசி தொண்டைக்குள்ள இறங்காம இருக்கத்தான் போடுறாங்க. வெத்தலையை நிறுத்துனா காதுத் தக்கையைத்தான் வெறுப்பாங்க. எனக்கு ரெண்டு நாள் குடுங்க. வேற மாதிரி செய்யிறேன்."

"நீங்க அந்தப் பொம்பளைக்காகப் பேசுறீங்க. மெல்றதால காதுல இருக்கிறது விழும்னு நான் கேள்விப்பட்டதே இல்லை."

"நானும் கேள்விப்பட்டதில்லை. நேத்துப் பார்த்தேன்."

அவர் பெட்டியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துத் துடைத்தார். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"சார், உங்க காதுல ஒன்னு போட்டு விடவா?"

"என் காதுலயா? நான் என்ன ஜின் ஓட்டவா போறேன்?"

"இல்லை சார். வெத்தலை போடப் போறீங்க."

கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். நாற்காலியைத் திருப்பினார். மருந்தகத்திலிருந்து அதே மெழுகைக் கொண்டுவந்து, அங்கே உருட்டுவது போலவே அளந்து உருட்டி, இரண்டு காதிலும் வைத்தேன். தலையை ஆட்டிப் பார்த்தார். நன்றாக இருந்தது. கடிதங்களை இழுத்து வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட ஆரம்பித்தார், மென்றுகொண்டே.

"என்னம்மா, கடகடன்னு வண்டி போற மாதிரி கேக்குது?"

காது அடைத்திருந்தால் மெல்லுகிற சத்தம் நமக்கே பெரிதாகக் கேட்கும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். தலையாட்டினார். நான் சுவரோரம் நின்றேன். முதல் வெற்றிலை முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. அவர் தாடை சின்னது, வேலையும் அவசரமில்லாத வேலை. விழாமலே இருந்துவிட்டால் பேச்சியக்காவின் கதை இந்த அறையிலேயே முடிந்துவிடும், அதுவும் நான் கொண்டுவந்த சோதனையால்.

அவர் இரண்டாவது வெற்றிலையை எடுத்தார். பாக்குக் கொஞ்சம் பெரியதாக இருந்திருக்க வேண்டும். நன்றாக அழுத்தி மென்றார். ஐந்தாறு கடிதம் தாண்டியிருக்கும். வலது காதுத் தக்கை அவர் சட்டைக் காலரில் தட்டி, கையெழுத்தின் ஈரத்தின்மேல் விழுந்தது.

அவர் அதை விரலால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றக் காதைத் தொட்டார். அது பாதி வெளியே நின்றது.

"எனக்கு விழுந்ததே தெரியலை," என்றார்.

"அவங்களும் அதைத்தான் சார் சொன்னாங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "சரி. அவ நிக்கட்டும். ஆனா ஒன்னு. திங்கட்கிழமைக்கு அப்புறம் என் பஞ்சுல மெழுகு வந்தா, யாரோட நூல்னு நான் பாக்க மாட்டேன். தக்கையே வேண்டாம்னு நிறுத்திடுவேன்."

ஆக, பேச்சியக்காவுக்கு வேலை நிலைத்தது. இருபது பேருடைய காதும் திங்கட்கிழமைக்குள் என் தலையில் வந்து விழுந்தது.

அன்று மத்தியானம் மெழுகுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஆலைக் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடிக்குப் போனேன். பெண்கள் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போடுவது அங்கேதான். என்னைக் கண்டதும் ஒவ்வொருத்தியாகத் துப்பப் போனாள்.

"யாரும் துப்ப வேண்டாம்," என்றேன். "மென்னுகிட்டே இருங்க. அப்பத்தான் அளக்கணும்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீராயிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்ன நர்சம்மா, ஒங்க இஸ்டூலு தேஞ்சு போச்சா? மரத்தடிக்கு வந்துட்டீக?"

"ஸ்டூல்ல ஒரு தப்பும் இல்லை. தப்பு என்கிட்ட. பேச்சியக்கா கழட்டி எறியிறாங்கன்னு நோட்டுல எழுதிட்டேன். அவங்க எறியலை. நான் அளந்ததுதான் சரியில்லை. இன்னைக்குக் காலையில அதை அடிச்சுட்டேன்."

துப்பப் போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

"எழுதுறவுகளுக்கும் தப்பு வருமாத்தா?" என்றாள் வீராயி, பேச்சியக்காவைப் பார்த்து.

"வரும்போல," என்றார் பேச்சியக்கா. "எனக்கெல்லாம் எழுதத் தெரியாது, அதான் வர்றதில்ல." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, இடது காதைக் காட்டினார். "அளங்க."

முதலில் மெழுகைக் குறைத்து எண்ணெயைக் கூட்டினேன். தாடையோடு தானும் அசைந்து கொடுக்கிற அளவுக்கு இளக்கமாக வேண்டும். பஞ்சுக்கு நீள இழையுள்ள கம்போடியாப் பருத்தியை எடுத்தேன். குட்டை இழையில் உருட்டினால் மெழுகு விண்டு வருகிறது. வாயைத் திறக்கச் சொல்லி, திறந்திருக்கும்போதே உள்ளே வைத்து, பிறகு மெல்லச் சொன்னேன். முன்னைவிட நன்றாக நின்றது. ஆனால் மூன்று வெற்றிலைக்குப் பிறகு பேச்சியக்காவின் தக்கை மறுபடியும் எட்டிப் பார்த்தது.

"எப்படி உருட்டுனாலும் விழாம இருக்காது," என்றேன். மனம் தளர்ந்துதான் சொன்னேன். "ரெண்டு தக்கையையும் ஒரே நூல்ல கட்டிக் கழுத்துல தொங்க விடலாம். ஆனா நூலு ரோலர்ல மாட்டுனா கழுத்தை இழுத்துரும். அது வேண்டாம்."

"கொண்டையில முடிஞ்சா?" என்றாள் ஒருத்தி.

"குனியையில அவுந்துரும்."

வீராயி தன் தண்டட்டியை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். அது ஆடியது. "ஏத்தா பேச்சி, இங்கன கட்டுனா என்ன? சாண் நூலு எதுக்கு, நாலு வெரக்கடை போதும். விழுந்தா இதுலயே தொங்கிட்டுப் போகுது."

நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். துணி மெத்தையைக் கட்ட விடாத நகை என்று அதை நான் என் பட்டியலில் எழுதி வைத்திருந்தேன்.

நூலைக் குட்டையாக வெட்டித் தக்கையிலிருந்து தண்டட்டிக்குக் கட்டினோம். பேச்சியக்கா வேண்டுமென்றே தக்கையை வெளியே தள்ளினார். அது விழவில்லை, தண்டட்டியோடு தண்டட்டியாக ஆடியது. நீல நூல் பளிச்சென்று தெரிந்தது.

"தெரியுதா?" என்றார்.

"அந்தக் கோடிவரைக்கும் தெரியும்," என்றாள் வீராயி. "ஒனக்குக் கழண்டா நான் சொல்றேன். எனக்குக் கழண்டா நீ சொல்லு. மேஸ்திரிக்குக் கழண்டா யாரும் சொல்ல வேணாம்."

திங்கட்கிழமை எஞ்சின் கிளம்பியது. நான் அதே கூடையின்மேல் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் வீராயி கையை உயர்த்தித் தன் காதைத் தட்டிக் காட்டினாள். பேச்சியக்கா ஒரு விரலால் தக்கையை உள்ளே அழுத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்தச் சைகை அன்று மத்தியானத்துக்குள் வரிசை முழுவதும் பரவிவிட்டது. அதன்பிறகு அந்தப் பருவத்தில் பஞ்சில் மெழுகு வரவில்லை. அடுத்தடுத்த பருவங்களில் இரண்டு தடவை வந்தது. இரண்டுமே நூல் இற்றுப்போனதால். அதைக் காட்டியதும் மேனேஜர் தக்கையை நிறுத்தாமல் விட்டார். வாரத்துக்கு ஒரு தடவை நூலை மாற்றுங்கள்.

இன்றைக்கு இதைவிட நல்ல பொருள் வந்திருக்கலாம், அல்லது நீங்கள் போகிற இடத்தில் வரலாம். வந்தால் தயங்காமல் மாற்றுங்கள். மெழுகுப் பஞ்சின்மேல் எனக்குத் தனிப் பாசம் எதுவும் இல்லை. எந்தப் பொருளானாலும் அதை அடைத்துக்கொண்டு அவர்கள் எப்படி நிற்கிறார்கள், எதை மெல்லுகிறார்கள், எந்தக் கை ஓய்வாக இருக்கிறது என்று அவர்கள் நிற்கிற இடத்திலேயே போய்ப் பாருங்கள். உங்கள் அறையில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

போன வாரம் கடைசியாக எல்லோருடைய காதையும் அளந்தேன். பேச்சியக்கா ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கடிகாரத்தை மெல்லப் பின்னால் கொண்டுபோனேன். வலது பதினான்கு. இடது ஒன்பது.

"எம்புட்டு?" என்றார் கண்ணைத் திறந்து.

"அதே ஒன்பதுதான் அக்கா."

"இம்புட்டு வருசத்துல ஒன்னுகூடக் கூடலையா?"

"போனது திரும்பி வராது. மேல போகாம நின்னுருக்கு. அதுதான் நமக்கு வேணும்."

அவர் அதைக் கொஞ்சம் யோசித்தார். நோட்டை வாங்கித் தன் பெயர் எது என்று கேட்டு, அந்த வரியில் விரலை வைத்து, வரிசையாக நின்ற ஒன்பதுகளைக் கடைசிவரை தடவிக்கொண்டே போனார். விரல் காலிக் கட்டத்தில் வந்து நின்றது.

"அடுத்த பருவமும் இதையேதான எழுதணும்?" என்றார். "அதுக்கு ஒரு ஆள விட்டுட்டுப் போறீகளா?"

விட்டுவிட்டுத்தான் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.